கூடுதல் காசு யார் கைக்குப் போகிறது?

(சுவாமிமலையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இயற்கை முறையில் விளைந்த உணவைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கலாமா என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். வந்திருப்பவர்களில் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, விளைவிக்கிறவர்கள் உண்டு. சிலை வார்க்கும் பட்டறைகளிலிருந்து வந்தவர்களும் முன்வரிசையில் இருக்கிறீர்கள். ஒரு தரப்புக்கு மட்டும் இனிக்கும்படி பேசிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாப் பொருளையும் இயற்கை என்று தேடி வாங்க வேண்டியதில்லை. சிலவற்றைக் கட்டாயம் அப்படித்தான் வாங்க வேண்டும். நம் உடம்புக்கு நல்லது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினால் பல சமயம் கொடுத்த காசுக்குப் பலன் இருக்காது. மருந்தடிக்கிற கைக்காக, வாய்க்கால் தண்ணீருக்காக, வயலில் வாழ்கிற உயிர்களுக்காகவும் சேர்த்து வாங்கினால் அந்தக் காசு வீண்போகாது. வயலுக்குப் பக்கத்திலேயே வாழ்கிற நமக்கு இந்த இரண்டாவது காரணம்தான் பெரிது.

பேச்சைத் தொடங்குமுன் இரண்டு குழப்பங்களை நீக்கிக்கொள்வோம். மரபு நெல் வேறு, இயற்கை விவசாயம் வேறு. மாப்பிள்ளை சம்பாவுக்கும் யூரியா போடலாம். போட்டால் பயிர் ஆளுயரம் வளர்ந்து சாய்ந்துவிடும், அவ்வளவுதான். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய ரகத்தை ஒரு பிடி உரம், ஒரு சொட்டு மருந்து இல்லாமலும் விளைவிக்கலாம். கடையில் கருப்பு கவுனி என்று எழுதியிருந்தால் அது ரகத்தின் பெயர். எப்படி விளைந்தது என்பதற்கு அந்தப் பெயரில் பதில் கிடையாது.

அதுபோல உரமும் மருந்தும் ஒன்றல்ல. யூரியா போட்ட நெல்லைத் தின்றால் யூரியா நம் வயிற்றுக்குள் போவதில்லை. பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து, தொழுவுரத்திலிருந்து வந்தாலும் மூட்டையிலிருந்து வந்தாலும் பயிருக்கு ஒன்றுதான். யூரியாவின் கெடுதல் சுற்றுவழியில் வருகிறது. அளவுக்கு மீறிப் போட்டால் பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும். அந்த இளசைத் தேடி இலைச்சுருட்டுப் புழு வரும், புகையான் வரும், குலைநோய் பிடிக்கும். அப்புறம் மருந்துக்கடைக்கு ஓட வேண்டும். உண்பவர் கவலைப்பட வேண்டியது அந்த மருந்தைப் பற்றித்தான்.

சரி, இயற்கை உணவில் சத்து கூடுதலா? நம் மாநிலத்திலேயே இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேலான சரித்திரம் இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் 1909இல் சில பாத்திகளைப் பிரித்து, ஒன்றுக்குத் தொழுவுரம் மட்டும், இன்னொன்றுக்கு ரசாயன உரம் மட்டும் என்று ஆண்டுதோறும் போட்டு ஒரு நிரந்தரச் சோதனையைத் தொடங்கினார்கள். குன்னூரில் சத்துணவு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ராபர்ட் மெக்காரிசனும், கோவையில் அரசு வேளாண் வேதியியலாளராக இருந்த விஸ்வநாத்தும் சேர்ந்து, எருப்போட்டு விளைந்த தானியத்தையும் ரசாயன உரத்தில் விளைந்த தானியத்தையும் விலங்குகளுக்கு ஊட்டிப் பார்த்து 1926இல் முடிவை வெளியிட்டார்கள். எருவில் விளைந்தது மேல் என்றார்கள். உலகத்தில் இயற்கை விவசாயம் பேசியவர்கள் வெகுகாலம் எடுத்துக்காட்டிய ஆராய்ச்சி அது.

அதே மெக்காரிசன் இன்னொன்றையும் கண்டார். சென்னை மாகாணத்தில் சாப்பிட்டதுபோலத் தீட்டிய அரிசியை அதிகமாகவும் பருப்பு, பால், காய்கறியைக் குறைவாகவும் கொடுத்து வளர்த்த எலிகள் நோஞ்சானாகப் போயின. பஞ்சாப் பக்கத்துச் சாப்பாடு கொடுத்தவை திடமாக வளர்ந்தன. இந்த இரண்டாவது முடிவைத்தான் நாம் அதிகம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பேன். எந்த முறையில் விளைந்தது என்பதைவிட, தட்டில் என்னென்ன இருக்கிறது என்பதே உடம்பைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

சத்து விஷயத்தில் பிற்கால ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2012இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை, பூச்சிமருந்து எச்சம் மட்டும் இயற்கை விளைபொருளில் குறைவு என்றார்கள். 2014இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 343 ஆய்வுகளைத் தொகுத்து, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்துகள் இயற்கைப் பயிர்களில் கூடுதல், கேட்மியம் குறைவு, மருந்து எச்சம் காணப்படும் வாய்ப்பு சாதாரணப் பயிர்களில் நான்கு மடங்கு என்றார்கள். புற்றுநோயைப் பற்றிக் கேட்பீர்கள். பிரான்சில் சுமார் 69,000 பேரைப் பின்தொடர்ந்து 2018இல் வந்த ஆய்வு, இயற்கை உணவு அதிகம் உண்டவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்றது. அதற்கு நான்கு ஆண்டுக்கு முன் பிரிட்டனில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வில், மொத்தப் புற்றுநோயில் அப்படி ஒரு குறைவு தெரியவில்லை. இயற்கை உணவு வாங்குகிறவர்கள் பொதுவாக வசதியுள்ளவர்கள், புகைபிடிக்காதவர்கள், காய்கறி அதிகம் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் நலத்தில் உணவு எவ்வளவு, வாழ்க்கை எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை. ஆகவே புற்றுநோய் வராது என்று சொல்லி அரிசி விற்கிறவரிடம் நான் அரிசி வாங்கமாட்டேன். சர்க்கரை நோய்க்கு மருந்து என்று சொல்லி விற்பவரிடமும் வாங்கமாட்டேன். எந்த நெல்லானாலும் அரிசியில் முக்கால் பங்குக்குமேல் மாவுச்சத்துதான். தீட்டாத அரிசியில் தவிடும் நாரும் இருப்பதால் மெதுவாகச் செரிக்கும், கருப்பு கவுனியின் நிறத்தில் நல்ல சத்து உண்டு, அவை உண்மை. மூன்று கரண்டிச் சோறு ஐந்து கரண்டி ஆனால் அந்த நன்மை அங்கேயே முடிந்தது.

மருந்து எச்சம் குறைவு என்ற ஒன்றில் மட்டும் அந்த இரண்டு தொகுப்பு ஆய்வுகளும் ஒத்துப்போகின்றன. அந்த எச்சம் எதில் அதிகம் என்று பார்த்துத்தான் நாம் பட்டியல் போட வேண்டும்.

நெல்லில் மருந்து பெரும்பாலும் உமியிலும் தவிட்டிலும் தங்கும். ஆலையில் உமி போய், தவிடு போய், வீட்டில் இரண்டு மூன்று தண்ணீரில் களைந்து, கஞ்சியும் வடித்துச் சாப்பிடும் வெள்ளை அரிசியில் மிஞ்சுவது கொஞ்சம். நல்லது என்று நம்பித் தீட்டாத அரிசிக்கு மாறுகிறவர்கள்தான் அது எப்படி விளைந்தது என்று கட்டாயம் கேட்க வேண்டும். மருந்தடித்த நெல்லைத் தவிட்டோடு சாப்பிட்டால் தவிட்டின் சத்தோடு மற்றதும் வரும்.

தோல் சீவிச் சாப்பிடும் வாழைக்காய், சேனை, தேங்காய்க்கெல்லாம் அவ்வளவு கவலை வேண்டாம். கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சை மிளகாய், கத்தரி, வெண்டை, காலிபிளவர், திராட்சை, இவைதான் மருந்து அதிகம் காண்பவை. கேரளத்தில் சந்தைக் காய்கறிகளை எடுத்துச் சோதித்தபோது, நம் பக்கத்திலிருந்து போன கறிவேப்பிலை அடிக்கடி மாட்டியது. 2015இல் இரண்டு மாநிலங்களுக்கும் இடையே பெரிய வாக்குவாதமே நடந்தது. புளித்தண்ணீரிலோ உப்புத்தண்ணீரிலோ கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசினால் மேலே படிந்தது பெரும்பாலும் போகும். செடிக்குள் ஊடுருவும் மருந்து எதில் அலசினாலும் போகாது. கறிவேப்பிலைக்கு நம் ஊரில் காசு கொடுப்பதே அவசியமில்லை, கொல்லையில் ஒரு கன்று வைத்தால் முடிந்தது.

வெற்றிலையைப் பற்றி இங்கே பேசாமல் போனால் குற்றம். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் வெற்றிலை வேகவைக்காத பண்டம். காலையில் கிள்ளியதை மாலையில் துடைத்து, காம்பு கிள்ளி, அப்படியே மெல்கிறோம். கொடிக்காலில் வாடல் நோய் வரும், செதில் பூச்சி வரும், ஈரமும் நிழலும் உள்ள இடம் என்பதால் நோய்க்குக் குறைவில்லை. மருந்தடித்து எத்தனை நாள் கழித்துக் கிள்ளுகிறார்கள் என்பது உண்பவருக்குத் தெரிவதே இல்லை. பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கிறோம், சளி பிடித்த குழந்தைக்கும் கசாயத்தில் போடுகிறோம். அரிசிக்கு முன்னால் வெற்றிலையில்தான் இயற்கை முறை வரவேண்டும் என்று கொடிக்கால் வைத்திருப்பவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அப்படிக் கிள்ளி வரும் கவுளிக்குக் கூடுதல் விலை கொடுப்பது நம் கடமை.

இதுவரை உண்பவரைப் பற்றிப் பேசினேன். இனி வயலில் நிற்பவரைப் பற்றி.

1960இல் மத்திய அரசு தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் கொண்டுவந்தபோது, நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், மருந்து, கடன் நான்கையும் ஒரு கட்டாகக் கொடுத்தார்கள். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது, பின்னாலேயே ஐ.ஆர். 8 வந்தது. குறுவை நிலம் பெருகியது. அந்த நெல் இல்லாமல் இருந்திருந்தால் பஞ்சத்தைத் தாண்டியிருக்க மாட்டோம். அதை மறுத்துப் பேசுகிறவர்கள் அந்தக் காலத்து ரேஷன் வரிசையை மறந்தவர்கள். ஆடுதுறை விஞ்ஞானிகளை வில்லன்களாக்கிப் பேசும் மேடைகளில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் கட்டோடு வந்த மருந்து, தேவைக்கு என்பது போய் வழக்கம் என்று ஆனது. பிஎச்சி பவுடரைச் சாம்பல் தூவுவதுபோல வெறுங்கையால் தூவினார்கள். குருணை மருந்தைச் சேற்றில் இறைத்துவிட்டு அதே சேற்றில் பெண்கள் இறங்கிக் களை பறித்தார்கள். வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் கெளுத்தி எல்லாம் குறைந்துபோனதைப் பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். இன்றைக்கும் விசைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு போகிற கூலியாளுக்குக் கையுறை இல்லை, முகமூடி இல்லை, துண்டை மூக்கில் கட்டிக்கொள்கிறார். மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் 2017இல் பருத்திக்கு மருந்தடித்தே இருபது பேருக்குமேல் இறந்தார்கள். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்த கொடுமைக்குப் பிறகு 2011இல்தான் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடுத்தது. நம் தட்டுக்கு வரும் எச்சம் மில்லிகிராமில் அளக்கிற அளவு. மருந்தடிக்கிற கூலியாள் மேலே படுவது வேட்டி நனைகிற அளவு. இயற்கை விளைபொருளுக்கு நான் காசு கொடுக்கச் சொல்வதில் முதல் காரணம் அவர்.

மருந்தில்லாமல் நெல் விளையுமா என்று கேட்பவர்களுக்கு இந்தோனேசியாவைக் காட்டுவேன். புகையான் அங்கே நெல்லை அழித்துக்கொண்டிருந்தது. மருந்து அடிக்க அடிக்கப் புகையானைத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் சாகின்றன, பூச்சி பெருகுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 மருந்துகளை ஒரே ஆணையில் தடுத்து, வயலில் இறங்கிப் பூச்சியை எண்ணிப் பார்க்க உழவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. விளைச்சல் விழவில்லை. உரத்தை அவர்கள் நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இலங்கையில் நடந்தது நேர் எதிர். 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடுத்தார்கள். மாற்று எரு இல்லை, பயிற்சி இல்லை. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டும் பயனில்லை, பெரும்போகப் பருவத்தில் விளைச்சல் சரிந்தது, அரிசியை இறக்குமதி செய்தார்கள். சிக்கிம் 2003இல் தொடங்கிப் படிப்படியாகப் போய் 2016இல் முழு இயற்கை மாநிலமாக அறிவித்துக்கொண்டது. ஆணையால் ஆகாத காரியம் நிதானத்தால் ஆகும்.

நம் மாவட்டத்து நிதானத்துக்கு முன்மாதிரிகள் நம்மவர்களே. இளங்காட்டில் பிறந்த கோ. நம்மாழ்வார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு இயற்கை விவசாயத்தைச் சொல்லி ஊர் ஊராக நடந்தார். 2013 டிசம்பர் 30ஆம் தேதி பட்டுக்கோட்டைப் பக்கத்து அத்திவெட்டியில் உயிர்விடும்போதும் டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிரான பயணத்தில்தான் இருந்தார். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கட்டிமேட்டுக்காரரான நெல் ஜெயராமன் 174 மரபு ரகங்களைத் திரட்டினார். 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வருகிற உழவருக்கு 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுங்கள் என்றார். காசு இல்லாமல் விதை பெருகியது. உப்பு ஏறிய நிலத்துக்குக் குழியடிச்சான் இருக்கிறது, ஆடு மாடுகளுக்கு நீள வைக்கோல் தரும் சம்பா ரகங்கள் இருக்கின்றன என்பதெல்லாம் மறுபடி உழவர் பேச்சில் வந்தது அவரால். அவர் 2018 டிசம்பரில் மறைந்தார். 2021இல் தமிழக அரசு அவர் பெயரில் மரபுசார் நெல் ரகங்கள் பாதுகாப்பு இயக்கம் தொடங்கியது, 2023இல் இயற்கை வேளாண்மைக் கொள்கையும் வெளியிட்டது.

இவ்வளவும் நடந்தும் ஏன் விலை அதிகம்? கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் சன்னரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். 60 கிலோ மூட்டைக்கு 1,527 ரூபாய் வருகிறது. ஏக்கருக்கு 30 மூட்டை கண்டால் ஏறக்குறைய 45,800 ரூபாய். மரபு நெல்லை எருவிலும் தக்கைப்பூண்டிலும் விளைவிப்பவருக்கு ஏக்கருக்கு 15 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் நிலையத்தில் இயற்கை நெல் என்று தனி விலை கிடையாது. அங்கே போட்டால் கிடைப்பது 23,000கூட இல்லை. உரமும் மருந்தும் வாங்கவில்லை என்பதால் செலவு குறையும், களை எடுக்கும் கூலி ஏறும். மற்றவருக்குச் சமமாக அவர் நிற்க வேண்டுமானால் நெல் கிலோவுக்கு 50 ரூபாயாவது வேண்டும்.

60 கிலோ நெல்லை அரைத்தால் 39 கிலோ அளவுக்கு அரிசி நிற்கும். மூட்டை 3,000 ரூபாய் என்றால் அரிசி கிலோ 77 ரூபாய். அரைவைக் கூலி சேர்த்தால் 80ஐ ஒட்டி வரும். அந்த அரிசியையே நகரத்துக் கடையில் பளபளக்கும் உறையில் 150, 180 என்று விற்கும்போது, மீதிக் காசு உறைக்கும் வாடகைக்கும் இடைத்தரகுக்கும் போகிறது, வயலுக்குத் திரும்புவதில்லை. அந்த விலைக்கு வாங்கத் தேவையில்லை என்பது என் தீர்ப்பு. 80 ரூபாய்க்கு உழவரிடமே வாங்குவது தகும்.

நம்புவது எப்படி என்று கேட்பீர்கள். தூரத்திலிருந்து வரும் பொட்டலத்துக்கு முத்திரை பார்த்தாக வேண்டும். இயற்கை உணவுக்கான மத்திய அரசு விதிகள் 2017இல் வந்தன. இயற்கை உணவுக்கான அரசு முத்திரை இல்லாத பொட்டலத்தில் ஆர்கானிக் என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். நம் மாநிலத்தில் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை சான்று தருகிறது. உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்லும் பிஜிஎஸ் முறையும் இருக்கிறது. நெல் போன்ற பயிருக்கு ரசாயன உரத்தையும் மருந்தையும் விட்டு இரண்டு வருஷமாவது ஆன பிறகுதான் முழுச் சான்று. அந்த இரண்டு வருஷம் விளைச்சலும் குறையும், முத்திரையும் இருக்காது. உழவர் பெரும்பாலும் மனம் உடைந்து திரும்புவது அங்கேதான். அப்போது அவரிடம் வாங்குகிறவர்தான் மெய்யான ஆதரவாளர்.

பக்கத்து ஊர் உழவருக்கு முத்திரைகூட வேண்டாம். நம் ஊருக்கு ஐம்பொன் சிலைக்காக வருகிறவர்கள் பட்டறைக்குள் வந்து மெழுகையும் வண்டல்மண் அச்சையும் பார்த்து, ஸ்தபதியிடம் பேசித்தான் முன்பணம் கொடுக்கிறார்கள். அரிசிக்கும் அப்படித்தான் போக வேண்டும். வயலைப் பாருங்கள். எரு எங்கிருந்து வருகிறது, ஆட்டுக்கிடை போட்டீர்களா, பூச்சிக்கு என்ன செய்தீர்கள், மேல் வயல்காரர் என்ன அடிக்கிறார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். டெல்டாவில் வயலுக்கு வயல் தண்ணீர் பாய்கிறது. மேலே அடித்தது கீழே வரும். ஒருவர் மட்டும் மாறினால் முழுத் தூய்மை வராது, ஒரு வாய்க்கால் பாசனத்தார் சேர்ந்து மாற வேண்டும். அதை மறைக்காமல் சொல்கிற உழவரை நம்பலாம். ஒரே ஒரு தடவை இலைச்சுருட்டுக்கு மருந்தடித்தேன் என்று உள்ளதைச் சொல்பவரையும் நான் நம்பி வாங்குவேன்.

ரேஷன் அரிசியை நம்பிக் குடும்பம் நடத்துகிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இதைக் கேட்டுக் குற்ற உணர்ச்சி கொள்ளாதீர்கள். விலையில்லா அரிசியில் மிச்சமாகும் காசில் பருப்பும் முட்டையும் கீரையும் வாங்குங்கள். இயற்கைக் காய் விலை அதிகம் என்று காயின் அளவைக் குறைப்பதுதான் பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதல். சாதாரணக் காயை நன்றாக அலசி நிறையப் போடுங்கள்.

வசதியுள்ளவர்களிடம் என் வேண்டுகோள் வேறு. சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் நடக்கும். நெல் களத்துக்கு வந்த பிறகு போனால் கொள்முதல் நிலையத்துக்கும் வியாபாரிக்கும் போய்விட்டிருக்கும். இந்தக் கார்த்திகைக்குள் நான்கைந்து வீட்டார் சேர்ந்து, மருந்தை விட்ட ஓர் உழவரைப் பார்த்து, வீட்டுக்கு இத்தனை மூட்டை என்று சொல்லி, பாதிப் பணத்தை முன்னதாகக் கையில் கொடுத்துவிடுங்கள்.